தாடை வலி

மனைவி ரூபி எதிரே வந்து நிற்கவில்லை என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டுதான் கிறிஸ்துராஜ் இலையில் விழுந்த பிரியாணியில் கை வைத்தார்.

சீரகச் சம்பா அரிசி விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. சமையல் மாஸ்டர் சேக் பரீது தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அடியிலிருந்து கிளறி, நல்லியும் கொழுப்புமாகத் துண்டுகளைத் தேடி எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

“அக்கா பாத்தாங்கன்னா என் கரண்டியப் புடுங்கிருவாங்கண்ணே.”

“அவ உள்ள ரூம்ல படுத்துருக்கா பாய். பல்லு வலி. நீங்க வைங்க.”

பல்வலியை அனுப்பிய ஆண்டவருக்கு மனசுக்குள் தோத்திரம் சொல்லிவிட்டு, கிறிஸ்துராஜ் முதல் துண்டை வாயில் வைத்தார். கண்கள் தானாக மூடின.

அன்று காலை தம்பி சார்லஸின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். சின்னாளப்பட்டி கோவிலில் பூசை முடிந்து, மெயின் ரோட்டு மண்டபத்தில் விருந்து. பூசையின் நடுவிலேயே ரூபி ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து நாளாக அப்படித்தான். அடுப்படியில் நின்றுகொண்டே கிராம்பை ஒதுக்கிக்கொள்வாள். பல் டாக்டரிடம் போவோம் என்று மகள் ஷைனி சொன்னதற்கு, “புதுநன்மை முடியட்டும்டி” என்று தள்ளிப்போட்டாள்.

கிறிஸ்துராஜுக்குத் திண்டுக்கல்லில் மோட்டார் பம்பு கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையில், எரியோட்டுக்காரர் ஒருவருக்கு மோட்டாரைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போல இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத் திரும்பினார்கள். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அவருடைய வீட்டு அடுப்பு வேறு யாரோ வீட்டு அடுப்பாகிவிட்டது. அம்மியில் தேங்காய் விழுவது நின்றது. ஆட்டுக்கறி வாசற்படி ஏறவில்லை. எண்ணெய்யை ரூபி மருந்து போல ஸ்பூனில் அளந்தாள். முட்டை அவித்தால் வெள்ளைக்கரு அவருக்கு. மஞ்சள்கருவைக் குப்பையில் போட மனம் வராமல், நின்றபடியே தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவருடைய பாலிலிருந்து எடுத்த ஆடையும் அவளுக்குத்தான். “எனக்கென்ன, ஊதுனாப் பறந்துருவேன்” என்பாள். உண்மைதான். கல்யாண ரவிக்கையை இன்னும் பிரிக்காமல் போடக்கூடிய உடம்பு அவளுக்கு.

விசேஷ வீடுகளில் தன் பந்தியை விட்டுவிட்டு அவர் இலைக்கு எதிரே வந்து நிற்பாள். பேசமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். பரிமாறுகிறவன் கை அந்தரத்தில் நிற்கும். அவருடைய கொழுப்பு டெஸ்ட் குறைந்து வந்தால், பிள்ளை நல்ல மார்க் வாங்கியது போலத் தெருவெல்லாம் சொல்வாள். அப்போதெல்லாம் கிறிஸ்துராஜுக்கு எரிச்சலாக வரும். நான் என்ன பால்வாடிப் பிள்ளையா என்று ஒருமுறை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். அவள் அந்தத் தட்டையே மறுபடியும் கொண்டுவந்து வைத்தாள்.

இன்று எதிரே யாரும் இல்லை. சேக் பரீது மறுபடியும் வந்தபோது கிறிஸ்துராஜ் கையால் இலையை மறைக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் சோப்பை இரண்டு முறை தேய்த்தார். வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்தபடியே மணமகள் அறைக் கதவைத் தள்ளினார்.

ரூபி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டு ரவிக்கை வேர்வையில் உடம்போடு ஒட்டிக் கறுத்திருந்தது. அவருடைய அக்கா வியாகுலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“சாப்ட்டீங்களா?” என்றாள் ரூபி.

“ரசஞ்சோறு கொஞ்சம்.”

அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு முதலில் உறுத்தியது. வாயில் வெற்றிலையோடு வந்து நின்று ரசஞ்சோறு என்று சொன்னால் விட்டுவிடுகிறவள் இல்லை ரூபி.

“வாயுதான் தம்பி,” என்றாள் வியாகுலம்மாள். “காலையிலருந்து வெறும் வயிறு. சோடாவுல உப்புப் போட்டுக் குடுத்தேன். அம்புட்டையும் கக்கிட்டா.”

“நெஞ்சு வலிக்குதா ரூபி?”

“இல்லங்க. பல்லுதான். தாடை இழுக்குது. முதுகுல ரெண்டு பட்டைக்கும் நடுவுல என்னமோ திருகுற மாதிரி இருக்கு. செத்த நேரம் படுத்தாச் சரியாப் போகும்.”

நெஞ்சு வலி என்றால் என்னவென்று கிறிஸ்துராஜுக்குத் தெரியும். அது அம்மிக்கல். இது அதில்லை. அவருக்கு மூச்சு லேசானது.

கதவில் சார்லஸ் தலையை நீட்டினான். “அண்ணே, கேக் வெட்டணும். பாப்பா பெரியப்பா வந்தாத்தான்னு நிக்கிது. மதினி, ஏலுமா வர?”

“நீங்க போங்க,” என்றாள் ரூபி. “புள்ள காத்துக்கிட்டு நிக்கும். நான் அடுத்த போட்டோவுக்கு வாரேன்.”

கிறிஸ்துராஜ் போனார். மேடையில் வெள்ளை கவுன் போட்ட குழந்தையின் தோளில் கை வைத்து நின்றார். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னான். நின்றார். இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றிருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஷைனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். செருப்பில்லாமல்.

“அப்பா, வாங்க. அம்மா மொகம் நல்லால்ல.”

நல்லாயில்லை. சாம்பலைப் பூசியது போல இருந்தது. உதட்டில் நிறமே இல்லை. ஷைனி ஏற்கெனவே போனை எடுத்து டாக்டர் இளஞ்செழியனைக் கூப்பிட்டுவிட்டாள். கிறிஸ்துராஜின் இருதய டாக்டர். மண்டபச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சார், பம்பு கடை கிறிஸ்துராஜ் மக பேசுறேன்.”

“சொல்லும்மா. அப்பாவுக்கு என்ன பண்ணுது?”

“அப்பாவுக்கு இல்ல சார். அம்மாவுக்கு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“என்ன பண்ணுது?”

“தாடை வலி, முதுகு வலி சார். வாந்தி எடுத்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது. தாடை மட்டும் நாலஞ்சு நாளாவே வலிக்குது. நெஞ்சு வலி இல்லேங்குறாங்க.”

“பொம்பளைங்க எல்லாருக்கும் நெஞ்சுதான் வலிக்கும்னு இல்லம்மா. அவங்கள நடக்க விடாதீங்க. அப்பாவோட ஆஸ்பிரின் இருக்கும்ல? அத மென்னு முழுங்கச் சொல்லு. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையக் குடுத்துராதீங்க, பிரஷர் என்னன்னு தெரியாம அது வேணாம். ஒடனே கெளம்புங்க. நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், வாசல்ல நிக்கிறேன்.”

மாத்திரைகள் ரூபியின் கைப்பையில்தான் இருந்தன. எங்கே போனாலும் அவருக்காக அவள் சுமந்து வருகிற பை. ஷைனி தேடி எடுத்துப் பிரித்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். ரூபி முகத்தைத் திருப்பினாள்.

“ஏய், அது அப்பா மாத்திரைடி.”

“மெல்லும்மா. டாக்டர் சொல்லிட்டாரு.”

“ரெண்டுதான் கெடக்கு. நாளைக்கு அவருக்கு?”

“ரூபி!” கிறிஸ்துராஜ் போட்ட சத்தத்தில் வியாகுலம்மாள் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. அவர் மண்டியிட்டு, மாத்திரையை வாங்கி, அவளுடைய பற்களுக்கு நடுவே தானே வைத்தார். “மெல்லு. மெல்லு சாமி.”

மென்றாள். கசப்பில் முகம் சுருங்கியது.

பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சார்லஸின் காருக்கு முன்னால் சமையல் வண்டி நின்றது. அண்டாக்களை இறக்கிய வேன். டிரைவரைக் காணோம். சாவி அவனிடம். பந்தியில் இருக்கிறான் என்றார் ஒருவர், டீ குடிக்க ரோட்டுக்குப் போனான் என்றார் இன்னொருவர். சித்திரை வெயில் தார் மீது கொதித்தது. நாற்காலியில் ரூபியின் தலை ஒரு பக்கமாகச் சாய, ஷைனி தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், எவன்டா வண்டிய நிப்பாட்டுனது!” சார்லஸ் கத்திக்கொண்டு ஓடினான்.

சேக் பரீது கரண்டியோடு வெளியே வந்தார். நாற்காலியில் இருப்பது யாரென்று பார்த்தார். ஒரு கல்லை எடுத்து வேனின் கண்ணாடியை உடைத்தார். உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். அவரும் சமையல் ஆட்களும் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தவர்களுமாக முட்டுக்கொடுத்துத் தள்ள, வேன் மெல்ல நகர்ந்தது. கிறிஸ்துராஜும் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நீங்கள் தள்ளக்கூடாது என்று அவரைத் தடுக்க அங்கே ஒருத்தரும் இல்லை.

காரில் ரூபியின் தலை ஷைனி மடியில். கால்கள் கிறிஸ்துராஜ் மடியில். நான்கு வழிச்சாலையில் சார்லஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வலது பக்கம் சிறுமலை வெயிலில் வெளிறிப்போய் நின்றது. அது நகர்வதாகவே தெரியவில்லை.

“ரூபி, பேசிக்கிட்டே வா.”

“என்னத்தப் பேச.”

“என்னத்தயாவது பேசு.”

கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். ஐஸ் போலக் குளிர்ந்து, ஈரமாக இருந்தது. அவள் அவர் கையைத் தன் பக்கம் இழுத்தாள். கன்னத்தில் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தார். மூக்கருகே கொண்டுபோனாள்.

“கறி தின்னீங்களா?”

ஷைனி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கிறிஸ்துராஜ் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்ப நினைத்தார், முடியவில்லை.

“கொஞ்சம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. இரண்டு வருஷமாகத் திட்டிய திட்டையெல்லாம் சேர்த்து இப்போது திட்டினாலும் சரி, கேட்டுக்கொள்வார்.

“நல்லா இருந்துச்சா?” என்றாள் ரூபி.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கார் ஒரு லாரியை ஒடித்துத் தாண்டியது. ரூபி கண்ணை மூடிக்கொண்டாள். டவுனுக்குள் நுழையும்போது பஸ்களும் ஆட்டோக்களும் குறுக்கே நின்றன. சார்லஸ் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டான். ஷைனி, “அம்மா, அம்மா, கண்ணத் தொற, இந்தா வந்துருச்சு, ஆஸ்பத்திரி வந்துருச்சு” என்று வராத ஆஸ்பத்திரியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சொன்னபடி இளஞ்செழியன் வாசலில் நின்றார். ஸ்ட்ரெச்சர் ஓட அவரும் கூடவே ஓடினார். திரைக்கு வெளியே கிறிஸ்துராஜை நிறுத்திவிட்டார்கள். திரை முழுவதும் மூடவில்லை. ஈசிஜி இயந்திரம் காகிதத்தைத் துப்பியதும், டாக்டர் அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்ததும் தெரிந்தன. பார்த்த உடனே அவர் குரல் மாறியது. நர்ஸ்கள் ஓடினார்கள். ஊசி ஏறியது.

சற்று நேரம் கழித்து டாக்டர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“பெரிய அட்டாக்குங்க. ரத்தக்கட்டியக் கரைக்க மருந்து போட்டுருக்கேன். மதுரைக்கு மாத்தணும். ஆனா இப்ப வண்டியில ஏத்துற நிலைமை இல்ல.” பிறகு, “இங்க வாங்க” என்றார்.

ரூபியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். டாக்டர் அவளுடைய இமை ஓரத்தை விரலால் காட்டினார். மூக்கை ஒட்டி, இரண்டு கண்களிலும், வெண்ணெயைத் தொட்டு வைத்தது போல மஞ்சளாக ஒரு தடிப்பு.

“இது எத்தன வருஷமா இருக்கு?”

கிறிஸ்துராஜ் குனிந்து பார்த்தார். தினமும் பார்க்கிற முகம். விடிந்ததும் காபியோடு வந்து நிற்கிற முகம், இலைக்கு எதிரே வந்து நிற்கிற முகம். எத்தனை வருஷம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நான் காலேஜ் படிக்கிறப்பவே இருந்துச்சு சார்,” என்றாள் ஷைனி. “தேமல்னு நெனச்சு க்ரீம் தடவிக்கிட்டு இருந்தாங்க.”

“அது கொழுப்பும்மா. ரத்தத்துல ரொம்ப ஏறுனா சில பேருக்கு இப்பிடித் தோல்ல வந்து நிக்கும். அவங்க வீட்ல யாராச்சும் சின்ன வயசுலயே போயிருக்காங்களா?”

“அவங்கப்பா களத்துல விழுந்து செத்தாரு,” என்றார் கிறிஸ்துராஜ். “கல்யாணத்துக்கு முந்தி. அண்ணன் ஒருத்தரு, பஸ்ல ஒக்காந்தபடியே. நாப்பது வயசுகூட ஆகல. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க.”

“இவங்களுக்குக் கொழுப்பு டெஸ்ட் எடுத்ததே இல்லையா?”

“அவ ஒல்லிதான சார்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் லட்சணம் அவர் காதிலேயே விழுந்தது. டாக்டர் அவரைக் கோபிக்கவில்லை. ரூபியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒடம்பப் பாத்துச் சொல்லவே முடியாதுங்க. பரம்பரையில வர்ற கொழுப்புக்குச் சாப்பாட்டக் கொறைச்சா மட்டும் பத்தாது, மாத்திரையும் வேணும். ஒவ்வொரு தடவையும் ஒங்களக் கூட்டிக்கிட்டு வந்து என் எதிர்லதான் ஒக்காந்துருந்தாங்க,” என்றார் மெதுவாக. அப்புறம் ஏதோ இயந்திரம் நீளமாகக் கத்தவே, கிறிஸ்துராஜைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

திரை விலகலில் ரூபியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மேலே யாரோ அவளுடைய நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பாதங்கள் ஆடின. கொலுசு கணீர் கணீரென்று கட்டிலின் இரும்பில் பட்டது. ஆட்கள் மாறினார்கள். பாதங்கள் ஆடின. ஷைனி சுவர்ப் பக்கம் திரும்பி, “அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே” என்று அதற்கு மேல் போகத் தெரியாமல் ஜெபத்தின் முதல் சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துராஜ் பாதங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொலுசுச் சத்தம் நின்றது. அவர் இன்னொரு முறை வரும் என்று காத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டு முன்னறையில் குளிர்பெட்டியை வைத்திருந்தார்கள். புதுநன்மைக்குக் கட்டிய அதே பட்டுச்சேலையைத்தான் கட்டியிருந்தார்கள். வேறு சேலை எடுத்துக் கட்ட ஷைனி விடவில்லை. மண்டபத்துக்கு வந்திருந்த சனம் அப்படியே இங்கே வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துராஜ் வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் அவரை. அந்த இரண்டாவது பார்வையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் பெரிய மாலையோடு உள்ளே ஓடிவந்தார். எரியோட்டுச் சின்னக்கண்ணு. இருபது வருஷ வாடிக்கை. வாசலிலேயே கதறிவிட்டார்.

“அண்ணே! போயிட்டீங்களாண்ணே! மோட்டார மாட்டிக் குடுத்துட்டு நல்லா ஓடும் அப்புன்னு சொன்னீங்களே, இப்பிடிப் போயிட்டீங்களேண்ணே...”

ஜெபமாலை நின்றுபோனது. சின்னக்கண்ணு நாற்காலியைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. மாலை கையில் தொங்கியது.

“கடைத்தெருவுல... கிறிஸ்துராஜ் வீட்ல போயிட்டாங்கன்னு சொன்னாங்கண்ணே. ஆஸ்பத்திரின்னதும் நான் ஒங்களத்தான்...”

“எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க சின்னக்கண்ணு,” என்றார் கிறிஸ்துராஜ். “நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள போங்க. வீட்டுக்காரி.”

சின்னக்கண்ணு அந்த மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். வெளியே வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை கோவிலில் துக்க மணி அடிக்க, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். கிறிஸ்துராஜ் போட்டுவிட்டு நகராமல் நின்றதும் சார்லஸ் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் வியாகுலம்மாள் எல்லாருக்கும் இலை போட ஏற்பாடு செய்தாள். சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வெஞ்சனமும் வந்திருந்தன. ஷைனி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையும் சாப்பிடவில்லை, முந்தின நாளும் சாப்பிடவில்லை.

கிறிஸ்துராஜ் அவள் முன்னால் போய் நின்றார்.

“எந்திரி. டாக்டர் சொன்னாரில்ல. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்.”

டாக்டர் சொல்லியிருந்தார். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில், ரூபியின் வளையல்களை நர்ஸ் ஒரு கவரில் போட்டு ஷைனி கையில் கொடுத்தபோது. உனக்கும் அந்தக் கொழுப்பு இருக்கலாம்மா, தள்ளிப்போடாதே, முன்கூட்டியே தெரிஞ்சா மருந்து இருக்கு என்று. ஷைனி அப்போது தலையை ஆட்டினாள்.

“இப்ப எதுக்குப்பா?”

“இப்பத்தான்.”

“தம்பி, ஒனக்குக் கிறுக்கா?” என்றாள் வியாகுலம்மாள். “மண்ணு போட்ட கை காயல. மூணாம் நாள் பூசை முடியாம துக்க வீட்ட விட்டு வெளிய போவாகளா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?”

“சொல்லட்டும்க்கா.”

“புள்ள ஒரு வாய் சாப்பிடட்டும். வா ஷைனி.”

“சாப்பிடக் கூடாது,” என்றார். “வெறும் வயித்துல எடுத்தா நல்லது. எப்பிடியும் நேத்துலருந்து ஒண்ணும் சாப்பிடல.”

ஷைனி முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்களில் முதல் முறையாகக் கோபம் வந்தது.

“அம்மாவுக்கு எடுக்கணும்னு ஒரு நாளாச்சும் தோணுச்சாப்பா ஒங்களுக்கு? இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்?”

“தோணல.”

“எனக்கும்தான் தோணல,” என்றாள் அவள். “எனக்கு பயமா இருக்குப்பா. இருக்குன்னு சொல்லிட்டா?”

அவர் தரையில் அவளுக்கு நேராக உட்கார்ந்தார். இருக்காது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அதைச் சொல்லவில்லை.

“இருந்தா மாத்திரை சாப்பிடுவோம்,” என்றார். “நான் சாப்பிடல? வா. எந்திரி தங்கம்.”

லேப் தெரு முனைக்கு அப்பால்தான். இருவரும் நடந்தே போனார்கள். டீக்கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. கிறிஸ்துராஜ் யார் முகத்தையும் பார்க்காமல், மகளை ரோட்டின் ஓரப் பக்கமாக விட்டு நடந்தார்.

லேபில் ரத்தம் எடுக்கிற நர்கீஸ் அவரைப் பார்த்ததும் வழக்கம் போல நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு அவர் கைக்காகக் காத்திருந்தாள். முந்தின நாள் விடுமுறை. அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை.

“சாருக்குத்தான் போன மாசமே எடுத்தாச்சே. அதுக்குள்ள என்ன?”

“எனக்கில்லம்மா. பிள்ளைக்கு.”

நர்கீஸ் ஷைனியின் முகத்தைப் பார்த்தாள். இருவருடைய கசங்கிய உடுப்பையும், அவருடைய செருப்பில் காய்ந்திருந்த செம்மண்ணையும் பார்த்தாள். பிறகு ஷைனியின் முழங்கைக்கு மேல் பட்டையை இறுக்கிக் கட்டினாள். நரம்பு சட்டென்று கிடைக்கவில்லை. விரலால் தட்டித் தட்டித் தேடினாள். ஷைனி மறுபக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். சும்மா இருந்த கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. கிறிஸ்துராஜ் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கறுஞ்சிவப்பாக ரத்தம் குழாயின் அடியில் விழுந்து, மெல்ல ஏறியது.

“நாளைக்குக் காலையில ரிப்போர்ட் வந்துரும் சார்.” நர்கீஸ் ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள். “அமுக்கிப் புடிச்சுக்கங்க.”

ஷைனி கையை எடுப்பதற்குள் கிறிஸ்துராஜ் தன் கட்டைவிரலைப் பஞ்சின் மேல் வைத்துவிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்து நின்றார். இருவரும் எழுந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்று போனது. பூக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

“போதும்ப்பா,” என்றாள் ஷைனி. “ரத்தம் நின்னுருச்சு.”

“இருக்கட்டும்.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விரலை எடுக்கவும் இல்லை.